சேர்க்கையும் பார்வையும் எந்த பூதத்தில் நடக்கிறது: ராசித் தத்துவம் வைத்து ஜாதகம் படிக்கும் முறை

‘குரு பார்க்கக் கோடி நன்மை’, ‘செவ்வாய் சனி பார்த்துக்கொண்டால் கேடு’ என்ற இரண்டை வைத்தே பாதிப் பலன் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பார்வை எந்த ராசியிலிருந்து கிளம்பி எந்த ராசியில் விழுகிறது என்று கேட்பவர் குறைவு. கிரகம் நிற்கும் வீடு, அதாவது ராசி, எந்தத் தத்துவம், நெருப்பா, நிலமா, காற்றா, நீரா என்று பார்த்துவிட்டுத்தான் நட்பு, பகை, ஆட்சி (சொந்த வீடு), உச்சம் (பலம் மிகுந்த வீடு), நீசம் (பலம் குறைந்த வீடு) எல்லாம் பேச வேண்டும். அதற்கான முறை இது.

முதலில் ஜாதகம் சரியாக இருக்க வேண்டும். நம் ராமநாதபுரம் கடற்கரை ஜாதகங்களில் அடிக்கடி வரும் பிழை ஒன்று உண்டு: பிறந்த ஊர் கீழக்கரையோ தொண்டியோ என்று இருக்கும், செயலியில் ஊர் சென்னை என்றே விட்டிருப்பார்கள். ராமநாதபுரத்தின் தீர்க்கரேகை ஏறக்குறைய 78.83 பாகை, சென்னை 80.27. இந்த வித்தியாசத்தில் உள்ளூர் நேரம் 6 நிமிடம் தள்ளிப்போகும், லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசிப் புள்ளி, ஒன்றரைப் பாகை நகரும். ராசியை ஒன்பதாகப் பிரித்த ஒரு பங்கான நவாம்சம் (சுருக்கமாக அம்சம்) 3 பாகை 20 கலைதான்; 60 கலை ஒரு பாகை. ஆக, பத்தில் நான்கு ஜாதகத்தில் அம்ச லக்னமே மாறிவிடும். ராசியின் விளிம்பில் லக்னம் இருந்தால் நீர் லக்னம் நெருப்பு லக்னமாகிவிடும். சாயல்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தத் தள்ளுதல் இன்னும் கூடும். ஊரை மாற்றிக் கணித்துவிட்டு மேலே படியுங்கள்.

எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் ஜாதகத்தின் மேலேயே குறித்துவிட வேண்டும். இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29-இல் மீனத்துக்கு வந்தார். பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப்படி அதே பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான். இடைப்பட்ட மாதங்களில் பிறந்த குழந்தைக்கு ஒரு கணிதத்தில் சனி காற்று ராசியான கும்பத்தில் ஆட்சி, இன்னொன்றில் நீர் ராசியான மீனத்தில் குருவின் வீட்டில். இரண்டையும் கலந்து, ராசிக்கட்டத்தை வாக்கியத்தில் போட்டு தசா இருப்பை (பிறக்கும்போது நடக்கும் கிரக தசையில் மீதியுள்ள காலத்தை) திருக்கணிதத்தில் எடுத்தால் எதுவும் பொருந்தாது.

அடுத்து நான்கு வண்ணப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மேஷத்தில் தொடங்கி வரிசையாக நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று மூன்று சுற்று போனால் மீனத்தில் முடியும். மேஷம், சிம்மம், தனுசு சிவப்பு. ரிஷபம், கன்னி, மகரம் பச்சை. மிதுனம், துலாம், கும்பம் மஞ்சள். கடகம், விருச்சிகம், மீனம் நீலம். கிரகங்களுக்கும் தத்துவம் உண்டு. சூரியன், செவ்வாய் நெருப்பு. புதன் நிலம். சனி காற்று. சந்திரன், சுக்கிரன் நீர். குரு ஆகாயம். ஆகாயத்துக்குத் தனி ராசி கிடையாது, மற்ற நான்குக்கும் இடம் கொடுப்பது அது.

எந்த நிறத்தில் எத்தனை கிரகம் என்று எண்ணுங்கள். ராகு, கேதுவை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அவை எப்போதும் நேரெதிர் ராசிகளில் நிற்பதால் நெருப்பு–காற்று அல்லது நிலம்–நீர் என்று ஜோடியாகவே விழும், எடை காட்டாது. மீதி ஏழில் நான்கு ஒரே நிறத்தில் இருந்தால் அது ஜாதகத்தின் மூலக்குணம். ஒரு நிறத்தில் கிரகமே இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. லக்னமோ அம்சமோ அந்தக் குறையை நிரப்புகிறதா என்று பாருங்கள்.

இனி பார்வைகள். கிரகம் தான் நிற்கும் ராசியை ஒன்று என்று எண்ணி, இத்தனையாவது ராசியைப் பாதிப்பதே அதன் பார்வை. இந்த முறையின் சாரமே இங்குதான் இருக்கிறது. ஒரு ராசியிலிருந்து எண்ணினால் 1, 5, 9 அதே தத்துவம். 2, 6, 10 அடுத்த தத்துவம். 3, 7, 11 அதற்கும் அடுத்தது. 4, 8, 12 முந்தைய தத்துவம். இதை மனத்தில் ஏற்றிக்கொண்டால் ஒவ்வொரு கிரகத்தின் பார்வைக் குணமும் தானாக வெளிவரும்.

எல்லாக் கிரகத்துக்கும் உள்ள ஏழாம் பார்வை நெருப்புக்கும் காற்றுக்கும், அல்லது நிலத்துக்கும் நீருக்கும்தான் நடக்கும். இவை ஒன்றையொன்று வளர்க்கும் ஜோடிகள்: காற்று நெருப்பை ஊதும், நீர் நிலத்தை விளையவைக்கும். அதனால் சமசப்தமம் (இரு கிரகங்கள் எதிரெதிரே ஏழில் நிற்பது) என்றாலே பகை என்று எழுதிவிடாதீர்கள். குருவின் 5, 9-ஆம் பார்வைகள் தான் நிற்கும் தத்துவத்திலேயே விழுகின்றன. எதிர்ப்பட்ட கிரகத்தை அதன் இயல்பிலேயே தாங்கிப் பிடிப்பதால்தான் அந்தப் பார்வைக்கு இத்தனை பெயர்.

செவ்வாயின் 4, 8-ஆம் பார்வைகள் இரண்டும் முந்தைய தத்துவத்தில் விழும். நெருப்பில் நின்றால் நீரைத் தாக்கும், நீரில் நின்றால் காற்றை, காற்றில் நின்றால் நிலத்தை, நிலத்தில் நின்றால் நெருப்பை. மேஷத்தில் ஆட்சியாக நிற்கும் செவ்வாய் நான்காம் பார்வையாகக் கடகத்தைப் பார்ப்பார். அங்கே சந்திரன் இருந்தால் கொதிப்பு, அவசர முடிவு, வீட்டுக்குள் சத்தம். ஆட்சிக் கிரகத்தின் பார்வை நல்லதுதானே என்று விட்டுவிட்டால் இந்த இடம் கண்ணுக்குத் தப்பிவிடும். சனியின் 3-ஆம் பார்வை ஏழாம் பார்வையின் தத்துவத்திலேயே விழுவதால் மெதுவாக அழுத்தும், உடைக்காது. அவரது 10-ஆம் பார்வை அடுத்த தத்துவத்தில் விழும். தொழில் சார்ந்த சுமை அங்கே தெரியும்.

சேர்க்கைக்கு வருவோம். இரண்டு கிரகம் ஒரு வீட்டில் இருந்தால் வீட்டையும் மூன்றாவது ஆளாக எண்ணுங்கள். சூரியனும் புதனும் மேஷத்தில் சேர்ந்தால் சூரியன் உச்சம். நெருப்பில் நிலக் கிரகம் வேகமெடுக்கும். மீன் ஏலத்தில் கூடையைப் பார்த்த கணத்திலேயே விலை கேட்கும் ஆள் இவர். அதே சேர்க்கை கன்னியில் என்றால் புதன் உச்சம். படகுக்கு டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிய பிறகே வாய் திறப்பார். இரண்டுக்கும் புதாதித்ய யோகம் என்று ஒரே பலன் எழுதுவது சரியல்ல. புதன் சூரியனுக்கு 14 பாகைக்குள், வக்ரத்தில் (பின்னோக்கி நகரும்போது) 12 பாகைக்குள் வந்தால் அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்து பலம் குறைவது, என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

சந்திரன்–சனி சேர்க்கை, அதாவது புனர்பூ, இன்னும் கவனம் கேட்கும். நீரின் மேல் காற்று என்பது பொதுவிதி. ஆனால் நீர் ராசி மூன்றும் ஒன்றல்ல. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணை ஓரளவு அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றில் அது அப்படியே திரும்பும். அதுபோலத்தான் இதுவும். கடகத்தில் சந்திரன் ஆட்சி, சனிக்குப் பகை வீடு. மனம் தாங்கும், திருமணம் தள்ளும். விருச்சிகத்தில் சந்திரன் நீசம். அழுத்தம் முழுதும் மனத்தின் மேல். மீனத்தில் வீட்டுக்காரர் குரு. குரு நன்றாக இருந்தால் தாமதம் மட்டும், கெடுதல் இல்லை. தத்துவம் திசை காட்டும், அளவைச் சொல்பவர் வீட்டுக்குரியவர்.

ஒரு பயிற்சி ஜாதகம் போட்டுப் பார்ப்போம். கடக லக்னம். லக்னத்தில் செவ்வாய் 15 பாகை. விருச்சிகத்தில் குரு 14 பாகை. மகரத்தில் சனி 18 பாகை. மேலோட்டமாகப் பார்த்தால் செவ்வாய் நீசம், எதிரே சனி. தோஷ ஜாதகம் என்று மூடிவைத்துவிடுவார்கள். படி படியாகப் போங்கள்.

செவ்வாய்–சனி பார்வை நீருக்கும் நிலத்துக்கும் நடக்கிறது, வளர்க்கும் ஜோடி. ஆனால் இடைவெளி 3 பாகைதான், ஆகவே வேகம் உண்டு. குருவின் 9-ஆம் பார்வை ஒரே பாகை வித்தியாசத்தில், நீரிலிருந்து நீருக்கே, செவ்வாய் மேல் விழுகிறது. செவ்வாயின் உச்ச வீடான மகரத்துக்கு அதிபதி சனி லக்னத்துக்கு ஏழில், கேந்திரத்தில் (1, 4, 7, 10-ஆம் வீடுகள்) இருப்பதால் நீசபங்கம், அதாவது நீசத்தின் கெடுதல் நீங்குகிறது. கடக லக்னத்துக்கு 5, 10-க்கு உரிய செவ்வாய் யோககாரகனும் (நன்மை தரும் முக்கியக் கிரகம்) ஆவார்.

இப்போது அம்சம். நவாம்ச எண்ணிக்கையும் தத்துவத்தில்தான் தொடங்குகிறது: நெருப்பு ராசிக்கு மேஷத்திலிருந்து, நிலத்துக்கு மகரத்திலிருந்து, காற்றுக்குத் துலாமிலிருந்து, நீருக்குக் கடகத்திலிருந்து. கடகம் 15 பாகை என்பது பூச நட்சத்திரத்தின் நான்காம் பாதம் (கால் பங்கு), ஐந்தாவது நவாம்சம். செவ்வாய் அம்சத்தில் விருச்சிகத்தில் ஆட்சி. குருவும் ஐந்தாவது நவாம்சம். ராசியிலும் அம்சத்திலும் விருச்சிகம், வர்கோத்தமம். சனி மகரத்தில் ஆறாவது நவாம்சம், திருவோணம் மூன்றாம் பாதம். அம்சத்தில் மிதுனம், காற்று ராசி. செவ்வாய் நிற்கும் பூசமோ சனியின் நட்சத்திரம். ஆகச் சனியின் கைப்பிடி விடாது: வாழ்க்கைத் துணை, கூட்டுத் தொழில் இரண்டிலும் இழுபறி வரும், முறியாது; செவ்வாய் தசையில் தொழில் எழும். ‘நீசம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் இத்தனையும் போயிருக்கும்.

கண்டாந்தத்தைத் தனியாகச் சோதியுங்கள். நீர் முடிந்து நெருப்பு தொடங்கும் இடம் மூன்றுதான்: ஆயில்யம்–மகம், கேட்டை–மூலம், ரேவதி–அசுவினி. முன் நட்சத்திரத்தின் கடைசிப் பாதமும் பின் நட்சத்திரத்தின் முதல் பாதமும், இரு பக்கமும் 3 பாகை 20 கலை. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும், லக்னமோ கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அதனால் லக்ன கண்டாந்தம் என்று சொல்லுமுன் மருத்துவமனைச் சீட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள். 6.00, 6.30 என்று முழுசாக இருந்தால் அது பெரும்பாலும் யாரோ உத்தேசமாக எழுதியது. உடன்பிறந்தவர் பிறப்பு, தந்தையின் இடமாற்றம் போன்ற நடந்த நிகழ்ச்சிகளைத் தசாபுத்தியோடு ஒத்துப் பார்த்த பிறகே லக்னத்தை நிலைநிறுத்த வேண்டும்.

தேவிபட்டினத்துக்குப் போய் நவபாஷாணத்தைச் சுற்றிவர வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டால் தாராளமாகப் போகச் சொல்லுங்கள். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லும் ஒன்பது கிரகங்களாகவே வணங்கப்படுகின்றன. ஆனால் எந்தக் கிரகத்துக்கு என்று சொல்லி அனுப்புமுன் மேலே சொன்ன வரிசையை முடித்திருக்க வேண்டும்: ஊர், பஞ்சாங்கம், நிறம், பார்வை, வீட்டுக்குரியவர், அம்சம். செவ்வாய் பார்வையால் வந்த கொதிப்புக்குச் சனிப் பரிகாரம் சொல்லி அனுப்பினால், குடும்பம் செலவு செய்துவிட்டு அதே கேள்வியோடு திரும்ப வரும்.