ஆச்சி கதை சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா கோயில். சென்னையில் இருப்பவர், மும்பையில் இருப்பவர், துபாயிலிருந்து லீவு கிடைத்தவர் எல்லாரும் அன்றைக்குத் தங்கள் குலதெய்வச் சாஸ்தாவைத் தேடி ஏதோ ஒரு குளத்தங்கரைக்கு வந்து சேர்வார்கள். புதிதாக அறிமுகமாகிறவரிடம் "உங்களுக்கு எந்தச் சாஸ்தா?" என்று கேட்பது இங்கே சாதாரணம். பல குடும்பங்களுக்குச் சாஸ்தா இருக்கிற ஊர் வேறு, இப்போது குடியிருக்கிற ஊர் வேறு. முன்னோர் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதற்கு மிஞ்சிய ஒரே தடயம் அந்தக் கோயில்தான் என்று இருக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் ஏன் கிளம்பினார்கள்? பஞ்சமா, பங்காளிச் சண்டையா, கடனா? அது மரத்தடியில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குத்தான் தெரியும். நாமோ பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் காரை எடுத்துவிடுகிறோம்.

நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு: "நாம ஜோடி மாட்டு வண்டி கட்டி இந்த ஊருக்கு வந்த குடும்பம்." நாங்குநேரிப் பக்கம், மழை பொய்த்தால் குளம் வறண்டுபோகும் ஓர் ஊரிலிருந்து தாமிரபரணிப் பாசனத்துக்கு வந்தவர்கள் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தாத்தாவின் தங்கச்சி, எங்களுக்கு ஆச்சி, அந்த வண்டியில் சிறுபிள்ளையாக வந்தவர். அவரிடம் கேட்க உட்கார்ந்த அன்றே முதல் தவறைச் செய்தேன்.

"எந்த வருஷம் ஆச்சி இங்க வந்தீங்க?"

"அது யாருக்கு நெனப்பிருக்கு" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

வருஷத்தைக் கேட்டுத் தொடங்கினால் பரீட்சை வைப்பது போல ஆகிவிடுகிறது. பதில் தெரியாத பெரியவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்துக்கொள்வார். அவர்கள் காலத்தைப் பிடித்து வைத்திருப்பது வேறு முளைகளில். வெள்ளம் வந்தது, மூத்த பிள்ளை பிறந்தது, எம்.ஜி.ஆர். இறந்தது, சிலோனிலிருந்து சித்தப்பா திரும்பியது. அந்த முளைகளுக்கு வருஷம் போடுவது கேட்பவர் வேலை. தாமிரபரணியின் பெரிய வெள்ளம் என்றால் 1992 நவம்பரா, 2023 டிசம்பரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். தூத்துக்குடி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1986, தென்காசி பிரிந்தது 2019. சிலோன் தோட்டங்களிலிருந்து ஆட்கள் திரும்பியதற்குக் காரணமான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964. இரண்டாம் முறை போனபோது "அப்ப காந்தி செத்தாச்சா ஆச்சி?" என்று கேட்டேன். "நாங்க வந்து ரெண்டு மாசத்துல அந்தச் சேதி வந்துச்சு. எங்கம்மா அடுப்புப் பத்த வைக்கல" என்றார். காந்தி இறந்தது 1948 ஜனவரி 30. வருஷம் கிடைத்துவிட்டது, கூடவே ஓர் அணைந்த அடுப்பும்.

தமிழ் வருஷப் பெயரில் ஒரு வழுக்கல் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876-77. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை தாது திரும்பவும் வரும்: 1936, 1996. பழைய ஓலையிலும் பத்திரத்திலும் கேரளத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில வருஷம் தெரிய, அதோடு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, திருத்துவது. இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. பக்கத்துத் தெருத் தாத்தா ஒருவர், தன் அய்யா சொன்னதாக ஒரு நாள் சொன்னார்: "பிள்ளைவாளைப் பிடிச்சானுவ. மறுநாளே ஊரு பத்தி எரிஞ்சுது. அந்த வாரமே ஆஷ் துரையச் சுட்டாச்சு." நான் உடனே "இல்ல தாத்தா, அது மூணு வருஷம் கழிச்சு" என்றேன். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

தேதியில் நான் சொன்னது சரிதான். தாத்தா பிள்ளைவாள் என்ற வ.உ.சி. கைதானது 1908 மார்ச் 12. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன, அரசுக் கட்டடங்கள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது 1911 ஜூன் 17. ஆனால் 1908-இல் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நெருக்கியவர் அதே ஆஷ். தாத்தாவின் அய்யாவுக்கு அந்த மூன்று வருஷமும் ஒரே வாரமாகச் சுருங்கியிருந்தது என்றால், எதற்கு எது பதில் என்று சாதாரண சனங்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது அதில் இருக்கிறது. தேதியை ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோர்ப்பு தாத்தாவிடம் மட்டும்தான் கிடைக்கும். கதை முழுசாக முடிந்தபிறகு "புஸ்தகத்துல இப்படி இருக்கு, நீங்க என்ன நினைக்கிறீங்க தாத்தா?" என்று கேட்டிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

ஒரே தெருவில் கேட்டுவிட்டு ஊர்க்கதை முடிந்தது என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. அதே ஆஷைப் பற்றி வேறு தெருக்களில் வேறு கதை சொல்கிறார்கள். பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றி அக்ரஹாரம் வழியாகக் கொண்டுபோனார், அந்தக் கோபத்தில்தான் சுட்டார்கள் என்பது அந்தக் கதை. இதற்கு ஆவணச் சான்று இல்லை என்று வரலாற்றாய்வாளர்கள் மறுக்கிறார்கள். ஆனால் நடக்கக்கூடாத தெருக்கள் இருந்தது உண்மை. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1911-ஐ எந்த வாசல் வழியாகப் பார்க்கிறார்கள் என்பதை அந்தக் கதை காட்டுகிறது. நடந்ததா என்பதும், ஏன் சொல்கிறார்கள் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்ததுமே இரண்டாவதைக் கேட்காமல் எழுந்து வருகிறோம்.

"அந்தக் காலத்துல எல்லாரும் தாயா பிள்ளையா இருந்தோம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகவும் வேண்டாம், மறுத்துப் பேசவும் வேண்டாம். "ஊர்க் கிணத்துல யாரெல்லாம் தண்ணி எடுத்தாவ?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிறகு அந்தக் கிணற்றுக்கு வர முடியாத வீட்டிலும் போய் உட்காருங்கள். ஒரே வீட்டுக்குள்ளும் இதே கதைதான். திண்ணையில் ஆண்கள் சொல்வது நிலம், வழக்கு, திருவிழா. அடுப்படியில் கேட்டால்தான் எந்த வருஷம் கம்பங்கூழுக்கும் வழியில்லாமல் போனது, எந்தப் பிள்ளை தங்கவில்லை என்பதெல்லாம் வரும். எனக்கு வெகுநாள் திண்ணையே போதும் என்றிருந்தது.

மாஞ்சோலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் ஒரு கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலைத் தோட்டம் போட்ட மலை அது. தேயிலை பறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக லயம் என்கிற வரிசை வீடுகளிலேயே வாழ்ந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். அங்கிருந்து வந்த ஒருவரைப் பார்த்ததும் நாம் அந்த ஒரு நாளைப் பற்றியே கேட்கிறோம். அறுபது வயது வாழ்க்கையை ஒரு மத்தியானமாகச் சுருக்கிவிடுகிறோம். மழையில் கொழுந்து பறித்தது, காலில் அட்டை ஏறியது, லயத்தில் கல்யாணம் நடந்தது எல்லாம் கேட்டால், அந்த நாளை அவரே வேண்டும்போது எடுத்துச் சொல்வார். சொல்லாமலும் விடலாம். அது அவர் உரிமை.

துக்கத்தைத் தோண்டக் கூடாது என்று பொதுவாகத் தெரியும், ஆனாலும் செய்கிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய வாரத்தில், வீடு இழந்தவர்கள் முன்னால் எத்தனை செல்போன்கள் நீண்டன! அழுகையைப் படம் பிடிக்க முடிந்தது. கதை கேட்டதாக ஆகாது. ஆறு மாசம் கழித்துப் போனால், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது, எந்த வாய்க்கால் அடைத்திருந்தது, யார் வீட்டு மொட்டை மாடியில் யாரெல்லாம் சேர்ந்து படுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். அடுத்த வெள்ளத்துக்கும் அது உதவும்.

பதிவு செய்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே ஊர், தேதி, சொல்பவர் பெயர் எல்லாவற்றையும் குரலில் சொல்லிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். எழுதும்போது "சொல்லுதேன்" என்றதை "சொல்கிறேன்" என்று மாற்றாதீர்கள். "வந்தாவ" என்பதில் இருக்கிற மரியாதையும் ஊரும் "வந்தார்கள்" என்பதில் பாதியாகிவிடும்.

கடைசியாக, ஒரே தடவையோடு நிறுத்திவிடுவது. முதல் தடவை கிடைப்பது பலமுறை சொல்லிச் சொல்லி மழமழப்பான கதை. ஆச்சியும் எனக்கு முதலில் ஜோடி மாட்டு வண்டிக் கதையைத்தான் சொன்னார். மூன்றாம் முறை போனபோது அவர் பேசியதை அவருக்கே போட்டுக் காட்டினேன். தன் குரலைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், வண்டி வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டு மாடுன்னு சொல்லியிருக்கேன் யய்யா. கெளம்பும்போது ரெண்டு. ஒண்ணு வழியிலயே விழுந்து செத்துப்போச்சு. வேற மாடு வாங்க ஏது துட்டு? இந்தப் பக்கம் எங்கய்யாதான் நுகத்துல தோளக் குடுத்து இழுத்தாவ. ஊரு நெருங்கவும் எங்களையெல்லாம் எறக்கிவிட்டுட்டு, இருட்டுனபொறவு வண்டிய உள்ள கொண்டுவந்தாவ. யாரும் பாக்கக் கூடாதுன்னு."

இது என் அப்பாவுக்கும் தெரியாது. அன்று ராத்திரி போன் பண்ணிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தப் பக்கத் தோளாம்?" என்று கேட்டார். மறுநாள் ஆச்சியிடம் கேட்கப் போனேன்.