சின்னப் பிள்ளை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: போன் சோறு முதல் பூச்சாண்டி வரை

நம் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை ஆனாலும் பாப்பாக்குடி ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான்: பிள்ளை கையில் போன், அதில் ஒரு கார்ட்டூன் பாட்டு, கண்ணை எடுக்காமல் அதைப் பார்க்கும்போது வாய் தானாகத் திறக்க, ஆச்சி ஒரு உருண்டையை உள்ளே வைத்துவிடுவார். தட்டு காலி, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன், ஏனென்றால் ஒரே நேரத்தில் பல விஷயங்களை இது கெடுக்கிறது. எவ்வளவு பசிக்கிறது, எப்போது வயிறு நிறைந்தது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. மென்று தின்பதற்குப் பதில் விழுங்கப் பழகுகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் பேச்சு. வாசலில் நின்று ஊட்டும்போது பிள்ளை விரலை நீட்டும், "ஆமா, காக்கா, பறந்து போயிட்டு பாரு" என்று ஆச்சி சொல்வார், பிள்ளை மறுபடி ஏதோ ஒரு சத்தம் கொடுக்கும், அதற்கும் ஆச்சியிடம் ஒரு பதில் இருக்கும். இப்படிப் போய் வந்துகொண்டிருக்கும் பேச்சில்தான் மூளையில் மொழிக்கான இணைப்புகள் வலுவாகின்றன. போன் ஓயாமல் பேசும், ஆனால் பிள்ளைக்குப் பதில் சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு எளிமையானது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. துபாயில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம், அங்கே மறுபக்கம் ஒரு ஆள் பதில் சொல்கிறார். ஆனால் யாரும் பார்க்காமலே நாள் முழுக்க ஓடும் டிவியை அணைத்துவிடுங்கள், அது ஓடும்போது வீட்டில் பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவது குறைந்துவிடுகிறது.

சரி, பழகிவிட்டது, எப்படி நிறுத்துவது? பாதி பாதியாக நிறுத்துவது கஷ்டம். சில நாள் அழுகை இருக்கும், சாப்பாடு குறையும், அதைத் தாங்கிக்கொள்ள வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும், அம்மா மறுக்க மறுக்க தாத்தா போனை எடுத்துக் கொடுத்தால் நடக்காது. பெரியவர்கள் சாப்பிடும்போது கூடவே உட்கார வையுங்கள், தன் கையால் அள்ளித் தின்னட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். எடை ஏற்கனவே குறைவாக உள்ள பிள்ளை என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதைச் சொல்லும்போதே முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்து அம்மாக்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் இத்தனை பீடி சுற்றியாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் போய் "பிள்ளையிடம் போன் கொடுக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமே இல்லை. அவருக்கு வேலை கையில்தான், வாய் சும்மாதான் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு கிண்ணம், ஒரு மரக்கரண்டி, மூடி போட்ட காலி டப்பா, கொஞ்சம் துணித்துண்டு போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டே பிள்ளையோடு பேசலாம், கதை சொல்லலாம், எண்ணச் சொல்லித் தரலாம். ஆனால் புகையிலைத் தூள் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. சுளகுக்குப் பக்கத்தில் தவழ விடாதீர்கள், பால் கொடுக்கும் முன்னும் ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

அடுத்தது விளையாட்டு. பொத்தானை அமுக்கினால் தானே ஓடி, தானே பாடி, தானே லைட் எரியும் பொம்மையில் பிள்ளைக்குச் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்குச் சாயம் பூசின அந்தச் சின்ன அடுப்பும் பானையும் எதுவுமே செய்யாது, எல்லாவற்றையும் பிள்ளைதான் செய்ய வேண்டும். இல்லாத அரிசியைக் களைந்து, இல்லாத தீயை ஊதி, "தாத்தாவுக்குக் காப்பி, மைனிக்குச் சோறு" என்று யாருக்கு எது என்று நினைவில் வைத்து, அடுத்த பிள்ளை அடுப்பை விடும்வரை பொறுத்திருந்து, சண்டை வந்தால் பேசித் தீர்த்து... திட்டமிடுதல், நினைவாற்றல், பொறுமை என்று ஸ்கூலில் பிற்பாடு நாம் எதிர்பார்ப்பது எல்லாம் இங்கேதான் பழகுகிறது. நுங்கு சீசனில் பையன்கள் செய்யும் பனங்காய் வண்டியும் அப்படித்தான், கம்பு எங்கே குத்தினால் வண்டி சாயாமல் ஓடும் என்பதை அவனே நாலு தடவை கெடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான். நம் தவறு என்னவென்றால் நடுவில் போய் "அப்படி இல்லை, இப்படி வை" என்று திருத்துவது. கூப்பிட்டால் போய் உட்காருங்கள், அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள், அவ்வளவுதான். (மூன்று வயதுக்குள் என்றால் வாய்க்குள் போகிற அளவு சின்னச் சாமான் வேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும்.)

மண்ணில் இறங்காதே, ஓடாதே, விழுந்துவிடுவாய் என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்துவிடுகிறோம். மூன்று, நான்கு வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். மண்ணுக்குப் பயந்தால் கை கழுவப் பழக்குங்கள், அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வாக்கர் வாங்குவதும் வீண், அது நடக்கக் கற்றுத் தராது, உருண்டு போய்ப் படியில் விழவைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் இறங்கி வரமாட்டேன். ஆறும் வாய்க்காலும் குளமும் கிணறும் உள்ள ஊர் நம்முடையது. தாமிரபரணிக்குக் குளிக்கப் போகும்போது நாலு வயதுப் பிள்ளையை ஒன்பது வயது அக்கா பார்த்துக்கொள்வாள் என்று விடுவது பெரிய தவறு. ஆழம் இல்லை என்ற நினைப்பும் தவறு, பாதி நிறைந்த வாளித் தண்ணீரிலேயே தவழும் பிள்ளை மூழ்க முடியும். பெரிய ஆள் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், துணி துவைத்துக்கொண்டே ஒரு கண் வைப்பது போதாது.

ஸ்கூலுக்கு வருவோம். பாளையங்கோட்டையை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், படிப்பு என்றால் அவசரம் வந்துவிடும். ஆனால் எல்.கே.ஜி. பிள்ளையை உட்கார வைத்து இரவு எட்டு மணிக்கு ஒரு பக்கம் 'அ' எழுத வைப்பதில் எந்த லாபமும் இல்லை. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். அந்தக் கைக்குத் தேவை சப்பாத்தி மாவு பிசைவது, கடலை உரிப்பது, பூ கோர்க்க உதவுவது, தரையில் சாக்பீஸால் கிறுக்குவது. இவையெல்லாம் பழகின விரல் பென்சிலைப் பிடிக்கும்போது வலிக்காது. ஹோம்வொர்க்குக்காகத் தூக்கத்தைக் குறைக்கவே கூடாது, மூன்று நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும்.

மனசு பற்றி நாம் பேசுவது குறைவு. "பூச்சாண்டி வாரான்", "போலீஸ்ல பிடிச்சிக் குடுத்துருவேன்", "ஊசி போட்டுருவாங்க" என்று பயம் காட்டினால் அந்த நிமிஷம் அடங்கும், பிறகு ராத்திரி இருட்டுக்கும் பயம், தடுப்பூசிக்கும் பயம், காணாமல் போனால் உதவி கேட்க வேண்டிய போலீஸ்காரரிடமும் பயம். "ஆம்பளப் பிள்ள அழலாமால?" என்பதையும் விட்டுவிடுவோம். "பந்து போச்சுன்னு வருத்தமா இருக்கா?" என்று கேட்டால் போதும், வருத்தத்துக்குப் பேர் வைக்கத் தெரிந்த பிள்ளை தரையில் புரளுவது மெல்லக் குறையும். பிள்ளை அழும் என்று பின்வாசல் வழியாக வேலைக்கு நழுவுவதும் நல்லதில்லை, அம்மா எப்போது மறைவாளோ என்று அது நாள் முழுக்க முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும். "போயிட்டு வாரேன், சாயங்காலம் காப்பி நேரத்துக்கு வந்துருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை, சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற சமாதானம். எனக்கு உண்மையிலேயே கவலை தரும் தவறு இது, ஏனென்றால் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உதவி நன்றாகப் பிடிக்கும் வயதில் கழிகிறது. ஒரு வயதாகியும் மழலைச் சத்தமோ, விரல் நீட்டுவதோ, டாட்டா காட்டுவதோ, பேர் சொன்னால் திரும்புவதோ இல்லை என்றால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை என்றால், இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால், எந்த வயதிலும் பேசின பேச்சு நின்றுபோனால், உடனே காட்டுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வராது, ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. பிறந்தது முதல் 18 வயது வரை இந்தச் சோதனைகளுக்கு 2013 முதல் அரசுத் திட்டமே இருக்கிறது, அங்கன்வாடியிலோ கிராம நர்சிடமோ சொன்னால் வழிகாட்டுவார்கள், பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசுப் பெரியாஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுக்கு நேராகவும் போகலாம்.

பிள்ளையைப் பார்க்கும் அம்மாவை யார் பார்க்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பேறுகாலம் முடிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால், தூக்கம் வராமல், பிள்ளையைத் தூக்கவே மனம் இல்லாமல் இருந்தால், அதைக் கொழுப்பு என்றோ காத்துக் கருப்பு என்றோ சொல்லிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு மருத்துவத்தில் குணமாகக் கூடியது. மனநல உதவிக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம், அவருக்காக வீட்டில் வேறு யாராவது கூப்பிட்டும் கேட்கலாம்.