மந்த காலத்தில் டிஸ்னி வேர்ல்டுக்கு புக் செய்வது எப்படி

ஆட்குறைப்புச் செய்திகள் வரிசையாக வர ஆரம்பித்ததும் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "இந்த வருஷம் ஆர்லாண்டோ போனா டிஸ்னியே ஈ ஓட்டிட்டு இருக்கும்ல, இப்பவே போட்டுடலாமா?" போடலாம். ஆனால் ஈ ஓட்டாது. அந்த நம்பிக்கையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் நடு வெயிலில் ஒரு மணி நேர வரிசையில் நின்றுகொண்டு என்னைத் திட்டுவீர்கள். அதனால் பொருளாதார மந்தம் வந்தால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம், அப்புறம் புக்கிங்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி கவிழ்ந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட 2009-ல் டிஸ்னி வேர்ல்டின் முக்கியப் பூங்காவான மேஜிக் கிங்டமுக்கு வந்தவர்கள் சுமார் 1.7 கோடி பேர். முந்தைய வருடமும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் (கேளிக்கைப் பூங்காத் துறையின் சங்கமான டிஇஏ வெளியிட்ட மதிப்பீடு இது). ஆனால் டிஸ்னியின் பூங்கா, ரிசார்ட் பிரிவின் கணக்கைப் பாருங்கள்: வருமானம் ஏறத்தாழ 1,150 கோடி டாலரிலிருந்து 1,070 கோடிக்கு இறங்கியது, செயல்பாட்டு லாபம் 190 கோடியிலிருந்து 140 கோடிக்கு. லாபத்தில் கால்வாசி காணோம். கூட்டம் அப்படியே இருக்க, கல்லாவில் மட்டும் ஓட்டை.

அந்த ஓட்டையை டிஸ்னியே தெரிந்துதான் போட்டது. 2008 கடைசியில் ஒரு சலுகை அறிவித்தார்கள்: நான்கு இரவுக்குக் காசு கொடுங்கள், மூன்று இரவு சும்மா. 2009 முழுக்கப் பிறந்தநாள் அன்று வருபவருக்கு நுழைவு இலவசம். 2010-ல் ஒரு நாள் தன்னார்வப் பணி செய்தால் ஒரு நாள் டிக்கெட் என்று பத்து லட்சம் பேருக்குக் கொடுத்தார்கள், அது சில மாதங்களிலேயே தீர்ந்தும் போனது. இவ்வளவு தாராளம் காட்டிய அதே 2009 ஆகஸ்டில் பெரியவர்களுக்கான ஒரு நாள் டிக்கெட் விலை 75 டாலரிலிருந்து 79 ஆனது. ஆமாம், ஏற்றினார்கள். ஊரே வேலை இழந்து நிற்கும்போது.

இதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது, ஆனால் டிக்கெட் விலையை ஒருமுறை இறக்கிவிட்டால் திரும்ப ஏற்றும்போது சனம் பழைய விலையை மறக்காது. அதனால் வாசலில் எழுதியிருக்கும் விலையை இறக்க மாட்டார்கள், தள்ளுபடியெல்லாம் அறை வழியாகவும் பேக்கேஜ் வழியாகவும்தான் வரும். ஆகவே நீங்கள் கண் வைக்க வேண்டியது அறை வாடகையின் மீது. டிக்கெட் விலை குறையட்டும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

முதலில் நிலவரம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

செய்திச் சேனல் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். புளோரிடாவில் ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஹோட்டல் வாடகை மீது 6 சதவீத சுற்றுலா வரி வசூலிக்கிறது, அந்த வசூலை மாதாமாதம் வெளியிடுகிறது. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நான்கு மாதம் குறைகிறது என்றால் ஹோட்டல்காரர்கள் கையைப் பிசைகிறார்கள் என்று அர்த்தம், சலுகைகள் வரும். ஆர்லாண்டோ விமான நிலையமும் பயணிகள் எண்ணிக்கையை மாதந்தோறும் தருகிறது.

டிஸ்னியின் காலாண்டு முடிவுகள் இன்னும் நல்ல கண்ணாடி. பங்கு வாங்குபவர்களுக்காகப் போடுவதுதான், நமக்கும் உதவும். அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்: உள்நாட்டுப் பூங்காக்களின் வருகை, ஒரு ஆளுக்கான செலவு, ரிசார்ட் அறைகள் எத்தனை சதவீதம் நிரம்பின. வருகை அப்படியே இருந்து ஆளுக்கான செலவு மட்டும் குறைந்தால் ஏற்கெனவே தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அறை நிரம்புவது குறைந்தால் இனிமேல் வரும். "மக்கள் கடைசி நேரத்தில்தான் புக் செய்கிறார்கள்" என்ற ரீதியில் நிர்வாகம் பேச ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேளுங்கள். மந்தத்தின் முதல் அறிகுறி ரத்து அல்ல, தாமதம். ஆறு மாதம் முன்னால் புக் செய்பவர் வேலை நிலைக்குமா என்று பார்த்துவிட்டு ஆறு வாரம் முன்னால் செய்கிறார். அந்த இடைவெளியில் ரிசார்ட்காரருக்குத் தூக்கம் போய்விடும், நமக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் எல்லா மந்தமும் ஒரே மாதிரி அடிக்காது என்பதையும் கவனியுங்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் நிலையங்களே ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடந்தன, காரில் வருபவர்களை நம்பியிருந்த புளோரிடாவுக்கு அது நேரடி அடி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானம் ஏறவே பயந்தார்கள், அப்போது டிஸ்னி போர்ட் ஆர்லியன்ஸ் பிரெஞ்சு குவார்ட்டர் ரிசார்ட்டைக் கொஞ்ச காலம் மூடியே வைத்தது. கட்டிக்கொண்டிருந்த பாப் செஞ்சுரி ரிசார்ட்டின் திறப்பு 2003 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. திறந்ததும் பாதிதான்! ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த மறுபாதி பல வருடம் முடிக்கப்படாமலே நின்றது, இரண்டு பாதிகளையும் இணைக்கப் போட்ட பாலம் மட்டும் தயாராக இருந்தது. 2012-ல்தான் அந்தப் பக்கம் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற வேறு ரிசார்ட்டாகத் திறந்தது. இப்போது அங்கே தங்கினால் அந்தப் பாலத்தில் ஒரு நடை போய் வாருங்கள், பொருளாதாரப் பாடம் நடத்த வேறு இடம் தேவையில்லை.

இனி புக்கிங்

சலுகை வரும் வரை காத்திருக்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய புக்கிங்கை இன்றே போட்டுவிட்டு, சலுகை வந்ததும் மாற்றுங்கள். டிஸ்னி ரிசார்ட்டில் அறை மட்டும் என்றால் ஒரு இரவு வாடகைதான் முன்பணம், வருவதற்கு ஐந்து நாளுக்கு முன் ரத்து செய்தால் திரும்ப வரும். பேக்கேஜ் என்றால் 200 டாலர் முன்பணம், மீதியை 30 நாளுக்கு முன் கட்ட வேண்டும், அதற்கு முன் ரத்து செய்தால் நட்டமில்லை. விதிகள் அவ்வப்போது மாறும், கட்டும் அன்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம், புதுச் சலுகை வந்தால் உங்கள் பழைய புக்கிங்கில் தானாக ஏறாது. நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு சலுகைக்கும் இத்தனை அறைதான் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், அறிவித்த அன்று காலையிலேயே போனவருக்குக் கிடைக்கும், வார இறுதியில் நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்தவருக்கு "நீங்கள் கேட்ட தேதியில் இல்லை" என்று வரும். சிலருக்கு மட்டும் மின்னஞ்சலிலோ தபாலிலோ தனிப்பட்ட தள்ளுபடிக் குறியீடு அனுப்புவதும் உண்டு. டிஸ்னி கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஒரு பயணத்துக்கு விலை பார்த்துவிட்டு வாங்காமல் விட்டுவைத்தால் அது வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பலர் சொல்லும் கணக்கு. நான் சத்தியம் செய்ய மாட்டேன், முயற்சி செய்வதில் காசு போகாது.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் ஒரு ஹோட்டலை, விலை குறைவு என்று முழுப் பணமும் முன்னாடியே கட்டி, திரும்பக் கிடைக்காத வகையில் எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே அறை ராத்திரிக்கு 40 டாலர் குறைவாகக் கிடந்தது. மந்த காலத்தில் விலை இறங்குமுகமாக இருக்கும்போது பணத்தைப் பூட்டி வைப்பதைப்போல மோசமான யோசனை வேறில்லை. விலை ஏறுமுகமாக இருந்தால் அதுவே புத்திசாலித்தனம். டிவிசி எனப்படும் டிஸ்னியின் பகிர்வு உரிமைத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர்களிடமிருந்து, அறை எடுக்கப் பயன்படும் புள்ளிகளை வாடகைக்கு எடுப்பதும் இந்த ரகம்தான். சாதாரண நாளில் உயர்தர ரிசார்ட்டில் மலிவாகத் தங்க அருமையான வழி, ஆனால் பெரும்பாலும் ரத்து கிடையாது. வீட்டில் ஒருவர் வேலை ஆட்டம் காணும் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

வெளி ஹோட்டலில் போட்ட வாடகையை டிஸ்னி அறையோடு ஒப்பிடும்போது வெறும் வாடகையைப் பார்க்கக் கூடாது. ஆரஞ்சு கவுண்டியில் அந்தச் சுற்றுலா வரியும் விற்பனை வரியும் சேர்ந்து 12.5 சதவீதம். அதற்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று போடுவார்கள், பூங்காவில் கார் நிறுத்த நாளுக்குச் சுமார் 30 டாலர். டிஸ்னி ரிசார்ட்டில் தங்கினால் ரிசார்ட் கட்டணமும் பார்க்கிங் கட்டணமும் இல்லை. வரியையும் சேர்த்து, மொத்தச் செலவைத் தங்கும் இரவுகளால் வகுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

"சாப்பாடு இலவசம்" என்ற சலுகை 2005-லிருந்து வந்து போய்க்கொண்டிருக்கிறது. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு அறையை முழு விலைக்கு எடுக்க வேண்டும், டிக்கெட்டும் சேர்த்து வாங்க வேண்டும். நான்கு பேரும் நன்றாகச் சாப்பிடும் குடும்பம், விலை குறைந்த ரிசார்ட்டில் தங்குகிறது என்றால் லாபம். இரண்டு பேர் மட்டும், உயர்தர ரிசார்ட், அதிலும் சைவம் என்றால் அறைத் தள்ளுபடியே மேல், ஸ்டேக் விலைக்கு ஈடாகக் கொடுக்கும் இலவசத்தில் நாம் சாலட் தின்றுகொண்டிருப்போம். (சைவக்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல்: டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ரிசார்ட்டின் கிடானி வில்லேஜில் சனா என்ற உணவகம் இருக்கிறது, நான் ரொட்டி வகைகளும் சட்னிகளுமாக ஒரு தட்டு தருவார்கள். அந்தக் கட்டடம் திறந்ததே 2009-ல், மந்தத்தின் நடுவில்தான்.)

வரிசை ஏன் குறையாது

ஆள் கொஞ்சம் குறைந்தாலும் நிர்வாகம் அதற்கேற்பச் சுருக்கிவிடும். பூங்கா ஒரு மணி நேரம் முன்னாடியே மூடும், சில ரைடுகள் பராமரிப்பு என்று கிடப்பில் போகும், இரண்டு பக்கமும் ஓட வேண்டிய ரைடில் ஒரு பக்கம்தான் ஓடும். 2009-ல் டிஸ்னி அமெரிக்கப் பூங்காக்களில் சுமார் 1,900 வேலைகளைக் குறைத்தது. ஆக, வருகை குறைந்தால் வரிசையும் அதே அளவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். தேதியை உறுதி செய்யும் முன் பூங்கா எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்த ரைடு மூடியிருக்கும் என்ற பட்டியலைப் பாருங்கள். கூட்டம் குறைய வேண்டுமானால் பொருளாதாரத்தைவிடப் பள்ளிக்கூட நாட்காட்டிதான் உதவும். புளோரிடா பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் நிம்மதி. அது புயல் காலமும்கூட, எனவே மறுபடி அதே பேச்சு: ரத்து செய்யக்கூடிய புக்கிங்.

டிஸ்னியில் கிடைக்காத காலியிடம் வேறு பூங்காவில் கிடைக்கலாம். 2009-ல் ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சருக்கு டிஇஏ மதிப்பீட்டில் சுமார் 46 லட்சம் பேர்தான் வந்தார்கள். 2010 ஜூனில் அங்கே ஹாரி பாட்டர் உலகம் திறந்தது, அந்த வருடமே 59 லட்சத்துக்கு எகிறியது, பொருளாதாரம் அப்போதும் படுத்துத்தான் கிடந்தது. புது ஈர்ப்பு ஒன்று திறக்கும் வருடத்தில் மந்தம் உங்களுக்கு உதவாது. அதற்கு முந்தைய வருடம் போங்கள்.

சின்னப் பூங்காக்களுக்கும் கடனில் மூழ்கியவற்றுக்கும் மந்தம் உயிர் பிரச்சினை. தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் சுமார் 40 கோடி டாலரில் கட்டிய ஹார்டு ராக் பார்க் 2008 வசந்தத்தில் திறந்து செப்டம்பரிலேயே மூடியது. புளோரிடாவின் பழம்பெரும் சைப்ரஸ் கார்டன்ஸ் 2009-ல் மூடியது, அந்த இடம் இப்போது லெகோலேண்ட். சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பூங்கா நிறுவனம் 2009 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டது, பெரும்பாலான பூங்காக்கள் தொடர்ந்து ஓடின, ஆனாலும் இப்படிப்பட்ட நேரத்தில் வருடாந்திரப் பாஸ் வாங்குவதானால் இந்தப் பருவத்திலேயே மூன்று நான்கு முறை போய்க் காசை எடுத்துவிடுவீர்களா என்று மட்டும் யோசித்து வாங்குங்கள். அடுத்த வருட நம்பிக்கையில் வேண்டாம். பணமாகக் கட்டாமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், கடை மூடினால் முறையிட வழி இருக்கும்.

டொராண்டோவிலிருந்து காரில் இறங்கி வருபவர்கள், சென்னையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து அப்படியே ஆர்லாண்டோ பார்க்க நினைப்பவர்கள் நாணய மாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகம் தடுமாறும்போது பணமெல்லாம் டாலரில் போய் ஒதுங்கும், 2008 கடைசியில் கனடா டாலரும் ரூபாயும் சரிந்தது அப்படித்தான். அறையில் 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, நாணயத்தில் 20 சதவீதம் பிடுங்கிக்கொண்டால் என்ன மிச்சம்? கனடாக்காரர்களுக்கென்று டிஸ்னி தனியாக டிக்கெட் தள்ளுபடி அறிவிக்கும், அது பெரும்பாலும் இப்படி அவர்கள் டாலர் படுத்திருக்கும் நேரமாக இருக்கும். புளோரிடாவில் வசிப்பவர்களுக்கும் தனிச் சலுகை உண்டு, உள்ளூர்க்காரர்களை வைத்து வாரநாட்களை நிரப்புவதற்காக.

கடைசியாக எப்போது நிறுத்துவது. பேக்கேஜின் மீதிப் பணம் கட்ட வேண்டிய அந்த 30-வது நாள் வரை வாரத்துக்கு ஒருமுறை விலை பாருங்கள், செவ்வாயோ புதனோ ஏதோ ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு யாரோ ஒருவர் இன்னும் 100 டாலர் குறைவாக வாங்கியிருப்பார், அதைத் தெரிந்துகொண்டு போனால் ராத்திரி வாணவேடிக்கை நடக்கும்போதும் அந்த 100 டாலர்தான் கண் முன்னால் வெடிக்கும்.