நுவரெலியா தபால் கந்தோரைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் இலங்கை மலைநாட்டில் இருக்கும் நுவரெலியாவில் போய் இறங்கியபோது பிற்பகல் 2 மணி. கண்டியில் ஆறுதலாகச் சாப்பிட்டு, ரம்பொடையில் அருவி பார்த்து, லபுக்கலையில் தேநீர் குடித்து, ஆடி அசைந்து வந்து சேர்ந்தோம். தபால் கந்தோருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தைக் காணவில்லை. செங்கல் சுவர் பாதி உயரம் வரை தெரிந்தது, அதற்கு மேலே வெறும் பனிமூட்டம். என் கணவர் கமராக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அரை மணி நேரம் காத்திருந்தார். கடைசியில், "இண்டைக்குச் சரிவராது. நீர் வாரும், நாளைக்குக் காலமை பாப்பம்" என்றார். மறுநாள் காலை 7 மணிக்குப் போனோம். கோபுரம், மணிக்கூடு, ஈரம் காயாத கூரை எல்லாம் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தன. கடைகள் திறக்கவில்லை, தெருவில் வாகனமும் இல்லை.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நுவரெலியாவை வழியில் இறங்கிப் படம் எடுத்துவிட்டுப் போகும் இடமாக வைக்காதீர்கள், ஓர் இரவு தங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. காலையில் வெளிச்சமாக இருக்கும் நகரம் மதியத்துக்குப் பிறகு மூட்டத்துக்குள் போய்விடுவது அங்கே சாதாரணம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் இரவுக் குளிர் கடுமை. "சிலோனுக்குத்தானே போகிறோம்" என்று ஸ்வெட்டரை லண்டனில் விட்டுவிட்டு வந்தவர்கள் கடைத்தெருவில் கம்பளிக் குல்லா தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் மாதம் 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே திருவிழாவாகிவிடும். படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் அந்த மாதம் வேண்டாம்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. என் கணவர் யாழ்ப்பாணம். கலியாணமாகி 11 வருடம் கழித்துத்தான் என் ஊரை அவருக்குக் காட்ட முடிந்தது. கொழும்பில் வாடகை வான் வண்டி எடுத்து, கண்டி வழியாக ஏறி, ஹட்டன் வழியாக இறங்கினோம். எங்களைக் கேட்டால் அந்த ஒழுங்கே நல்லது. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு 77 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகளில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

நீங்களே ஓட்ட நினைத்தால், வெளிநாட்டில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது. இலங்கையில் அதற்கு மேலொப்பமோ (endorsement) தற்காலிக அனுமதியோ எடுத்த பிறகே ஓட்டலாம். என் அபிப்பிராயம், மலைநாட்டுக்கு மட்டுமாவது சாரதியோடு வாகனம் எடுங்கள். எங்கள் சாரதி அண்ணன் கினிகத்தேனையைச் சேர்ந்தவர். எந்த வளைவில் பஸ் எதிரே வரும் என்று அவருக்கு மனப்பாடம். கைப்பேசி வரைபடம் நானுஓயா, ரதெல்ல குறுக்குப் பாதையைக் காட்டியபோது, "அந்தப் பக்கம் வேணாம் தங்கச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செங்குத்தான பாதை அது. 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தில் 7 பேர் இறந்தார்கள். நேரம் மிச்சம் என்று வரைபடம் சொன்னாலும் பிரதான வீதியிலேயே போங்கள். மழை விடாமல் பெய்தால் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு மலையில் ஓட வேண்டிய மாதிரிப் பயணத்தைப் போடாதீர்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். 1894இல் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. இரண்டு மாடி, செங்கல், சாய்ந்த கூரை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பெயர்த்து வைத்தது போல இருக்கும். விக்டோரியா பூங்கா பக்கத்தில்தான். வாகனத்தை எங்காவது ஒழுங்கான தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். கந்தோர் வாசலில் மறித்து நிறுத்தினால் பின்னால் வரும் பஸ்கள் விடும் ஹோர்னில் படம் எடுக்கும் ஆசையே போய்விடும்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு பிழை, கிட்டே நின்று கோபுரத்துக்காகக் கைப்பேசியை மேலே சாய்ப்பது. அப்போது கட்டடம் பின்னால் விழுவது போலத் தெரியும். தெருவுக்கு மறுபக்கம் போய், எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய், கைப்பேசியை நேராகப் பிடியுங்கள். தரை கொஞ்சம் அதிகமாக விழுந்தால் பரவாயில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம். நல்ல வெயில் வேண்டும் என்று ஏங்கவும் தேவையில்லை. இரவு மழையில் நனைந்த செங்கல் காலையில் கருஞ்சிவப்பாக இருக்கும், மெல்லிய மேகத்தில் அந்த நிறம் அப்படியே படத்தில் வரும். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இருவருமாக நின்று எடுக்க வேண்டும் என்றால் படியை மறித்து நிற்காதீர்கள். அது காட்சிப் பொருள் இல்லை, வேலை நடக்கும் இடம். அதை ஹோட்டல் ஆக்கக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். நாங்கள் போன அன்று முத்திரை விற்கும் இடத்தில் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் துண்டில் சுற்றிய கடிதத்தைப் பிரித்து, விலாசம் சரியா என்று வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அதை நாங்கள் படம் எடுக்கவில்லை. உள்ளே எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அங்கே போனால் படத்தோடு மட்டும் திரும்பி வராதீர்கள், ஒரு கார்ட் எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள். வேலை நாளாகப் பார்த்துப் போங்கள், பௌர்ணமி நாளான போயா தினம் விடுமுறை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களுக்குத் தபால் என்பது சின்ன விஷயமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் இந்தியாவுக்கு அனுப்புவதாக இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் தீர்மானித்தன. என் அம்மாயியின், அதாவது அம்மாவுடைய அம்மாவின், தம்பி அப்படிப் போனவர். ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்கள், ஒருத்தி தலவாக்கலையில், ஒருத்தர் தமிழ்நாட்டுக் கோத்தகிரியில். அதன் பிறகு அவர்களுக்குள் இருந்த உறவெல்லாம் நீலநிற வான்கடிதத்தில்தான். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் அம்மா வாசிப்பார், அம்மாயி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வார்.

அந்தக் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், ஊர், அவ்வளவுதான். தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்துதான் ஆளுக்கு ஆள் கைமாறி வரும். இன்றும் பல தோட்டங்களில் அப்படித்தான். ஆகவே உறவினருக்குக் கார்ட் போட நினைத்தால், புறப்படும் முன்பே தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, கிட்டிய தபாலகம் எது என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரிவில் நாலு மாரியாயி இருப்பார்கள், அதனால் அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் என் அத்தைக்கு எழுதினேன். நான் என்ன எழுதினேன் என்று எட்டிப் பார்க்காமல் என் கணவர் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது எனக்குப் பிடித்திருந்தது. அவரும் ஒன்று வாங்கி, லண்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே, மகளின் பெயருக்குப் போட்டார்.

வழியில் தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்களையும் படம் எடுக்க ஆசை வரும். அவர்களுடைய கொழுந்து நிறுவையைப் பொறுத்துத்தான் அன்றைக்கு முழுப்பேரா (முழு நாள் சம்பளம்) அரைப்பேரா (அரை நாள் சம்பளம்) என்பது. நீங்கள் பிடித்து நிறுத்தும் பத்து நிமிடம் அந்தக் கூடையில் குறையும். உங்களுக்குத் தமிழ் தெரியும் அல்லவா, முதலில் "என்னக்கா, எப்படி இருக்கீங்க, படம் எடுக்கலாமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சம்மதித்தால், எடுத்த படத்தை அவர்களுடைய கைப்பேசிக்கு அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது காலை 10 மணிக்குள் கிளம்பினால் தலவாக்கலைப் பக்கம் டெவன், சென்கிளேயர் அருவிகளை வெளிச்சத்தோடு பார்க்கலாம், பகலிலேயே கொழும்பு நோக்கிப் பாதித் தூரம் இறங்கியும் விடலாம். நீங்களே ஓட்டுபவர்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் கீழ் கியரில் இறங்குங்கள்.

நாங்கள் அன்று கொழும்புக்குப் போகவில்லை. அத்தை ரொட்டி தட்டி, கட்டசம்பல் இடித்து வைத்திருந்தார். கார்ட் போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அதில் எழுதியதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாத புள்ள. வரட்டும், வந்தோன நானே வாசிச்சுக்கிறேன்."