கறிமிளகாய்க் கூடாரத்தில் கொத்தமல்லிப் பூ

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு சின்ன வலைக்கூடாரம், உள்ளே 20 பை கறிமிளகாய். போன வருஷம் குருத்திலைகளின் அடியில் அழுக்கணவன் அப்பிவிட்டது. இலைச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி அது, புத்தகங்களில் அசுவினி என்று இருக்கும். மருந்தடித்தால் ஒரு கிழமை அடங்கும், அப்புறம் முன்னையைவிட மோசம். அதைத் தின்னும் பூச்சிகளும் சேர்ந்து செத்துக்கொண்டிருந்தன. மருந்தை நிறுத்தினேன்.

அந்த நல்ல பூச்சிகளை வரவழைக்க, சமையல் கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைத்து, பறிக்காமல் பூக்கவிட்டேன். வலை நல்ல பூச்சிகளையும் தடுக்குமே, அதனால் காலையில் ஒரு பக்கத்தைச் சுருட்டி வைத்தேன். குளவி போலக் கோடு போட்ட சின்ன ஈக்கள் வந்து பூவுக்கு மேல் அந்தரத்தில் நின்றன. அவை குடிப்பது தேன். வேட்டையாடுவது அவற்றின் புழுக்கள். காலில்லாத பச்சைப் புழு ஒன்று அழுக்கணவனைக் கவ்வித் தூக்கி, உறிஞ்சி, வெறுந்தோலை விட்டதை உருப்பெருக்கியில் பார்த்தேன். எவ்வளவு அழகு! தயவுசெய்து அதை நசுக்கிவிடாதீர்கள்.

மூலையில் இரண்டு சட்டி சோளன். அதில் வழக்கமாக வரும் அழுக்கணவன் வேறு வகை, புல்லினத்தை விட்டு மிளகாய்க்குத் தாவாது. பொறிவண்டுக்கோ அது நிரந்தரச் சாப்பாடு, மிளகாய் சுத்தமாக இருக்கும் நாளிலும் பட்டினியில்லை.

எறும்புதான் பெரிய தொல்லை: இனிப்புக் கழிவுக்காக அழுக்கணவனைக் காவல் காக்கும். பைகளைச் செங்கல்லில் ஏற்றி, செங்கல்லைச் சவர்க்காரத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். கொழும்பில் நுளம்புப் பயம், ஆகவே தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுகிறேன். பூ இடைவிடாமல் இருக்க மூன்று கிழமைக்கொருமுறை கொத்தமல்லி விதைக்கிறேன்.