வீட்டில் சாயம் போடுகிறவர்கள் துணியைப் பாழாக்கும் இடம்

கையுறை போடுங்கள், பழைய உடுப்பை உடுத்திக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே பேச்சு பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுவதைப் பற்றி. சாயக்கடையில் ‘கோல்டு பிராண்ட்’ (cold, சூடேற்றாமல் போடும் வகை) என்று கேட்டால் கொடுக்கும் பொடி அது. முறையாகப் போட்டால் பல வருடத் துவைப்புக்குத் தாங்கும் நிறம். ஆனால் புதிதாகப் போடுகிறவர்கள் கையில் முதல் துவைப்பிலேயே பக்கத்துத் துணியெல்லாம் சிவந்துவிடுகிறது.

சாயம் இறங்குகிறதென்று உப்பையும் வினிகரையும் தேடுவது

எல்லா வீட்டிலும் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது. குர்தாவில் கடுஞ்சிவப்பு அருமையாக ஏறியிருக்கும். மூன்று முறை அலசியும் தண்ணீர் சிவப்பாகவே இறங்கும். “சாயம் இன்னும் பிடிக்கலை, உப்பும் வினிகரும் போட்டு ஊற வை” என்று யாராவது சொல்வார்கள். இரவெல்லாம் வாளியில் ஊறும். காலையில் வாளித் தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கும். சாயம் நின்றுவிட்டது என்று நம்பி வெள்ளைத் துப்பட்டாவோடு சேர்த்து மெஷினில் போடுவார்கள். துப்பட்டா ரோஸ் நிறத்தில் வெளியே வரும். இத்தனை பேர் இத்தனை துணியை இழந்த பிறகும் இந்த யோசனை கைமாறிக்கொண்டே இருப்பதுதான் எரிச்சல்.

ரியாக்டிவ் சாயம் சோடா ஆஷ் (தண்ணீர் நீங்கிய சலவை சோடாப் பொடி) தரும் காரத்தில்தான் பருத்தி நூலோடு பிணையும். அதே காரத்தில் தண்ணீரோடும் வினைபுரியும். அப்படித் தண்ணீரோடு சேர்ந்துபோன பங்கு செத்த சாயம். இனி எதை ஊற்றினாலும் அது நூலோடு பிணையாது, ஆனால் நூலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலசும்போது இறங்குவது இதுதான். இதை நிறுத்தப் பார்க்கக் கூடாது, வெளியேற்ற வேண்டும்.

உப்பின் வேலை தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவது. சாயத் தொட்டியில் அது தேவை. அலசும் வாளியிலும் உப்பு அதே வேலையைத்தான் செய்யும்: செத்த சாயத்தைத் துணியிலேயே அமுக்கி வைக்கும். தண்ணீர் தெளிந்ததற்குக் காரணம் அதுதான். வினிகரோ பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் ஆசிட் சாயத்திலிருந்து இங்கே வந்த பழக்கம். அவற்றுக்கு அமிலம் வேண்டும், பருத்திக்குக் காரம் வேண்டும். சாயத் தொட்டியிலேயே வினிகரை ஊற்றினால் சோடா முறிந்து, நிறம் பாதிகூட ஏறாது.

சரியான அலசல் இப்படி. முதலில் குளிர்ந்த தண்ணீரில் மூன்று முறை. இது உப்பையும் சோடாவையும் கழற்ற. உப்பு போகாமல் சுடுதண்ணீருக்குப் போவதில் பயனில்லை. பிறகு கை பொறுக்காத சூட்டில் ஒரு முறை. அதன் பிறகு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் மென்மையான சலவைத்திரவம் கலந்து, கொதிக்குச் சற்றுக் கீழே 90 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடர்சிவப்பு, கறுப்பு, டர்க்காய்ஸ் என்றால் இதை இரண்டு மூன்று தடவை. செத்த சாயத்தின் பிடியைத் தளர்த்துவது அந்தச் சூடுதான். குளிர்ந்த தண்ணீரில் இருபது முறை அலசினாலும் ஆகாது. சுங்குடி போல முடிச்சிட்ட துணி என்றால் குளிர்நீர் அலசல் முடியும்வரை முடிச்சை அவிழ்க்காதீர்கள், வெள்ளைப் புள்ளிகள் கறைபட்டுவிடும்.

போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஈரத் துணியை இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னொரு கொதிநீர்.

சோடாவை முதலிலேயே கலந்துவிடுவது

சோடா விழுந்த நொடியிலிருந்து சாயம் தண்ணீரோடு சேர்ந்து சாகத் தொடங்குகிறது. அதனால் அது கடைசியில்தான் வர வேண்டும். உலர்ந்த நிலையில் எடைபோட்ட 1 கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், நடுத்தர நிறத்துக்கு 30 கிராம் சாயம், 1 கிலோ உப்பு, 300 கிராம் சோடா ஆஷ். சாயத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துக் கரைத்து, நனைத்த துணியைப் போட்டுப் பத்து நிமிடம் புரட்டுங்கள். உப்பை மூன்று தவணையாகப் பத்து நிமிட இடைவெளியில் சேருங்கள். கடைசித் தவணைக்கு அரைமணி கழித்து, தனியே கரைத்து ஆறவைத்த சோடாவை, துணியை ஓரமாகத் தூக்கிவிட்டு ஊற்றுங்கள். துணியின் மேலேயே ஊற்றினால் அந்த இடம் திட்டாக நிற்கும். அதிலிருந்து ஒரு மணி நேரம், நிறுத்தாமல் புரட்டல்.

மீந்த தொட்டியை நாளைக்கென்று எடுத்துவைக்காதீர்கள். அதில் இருப்பது நிறத்தண்ணீர்.

எந்தச் சோடா

ஆப்ப சோடா அறை வெப்பத்தில் போதிய காரம் தராது. சலவை சோடா சரி, ஆனால் கண்ணாடிபோன்ற படிகமாக இருந்தால் அதன் எடையில் பாதிக்குமேல் தண்ணீர். 300 கிராம் சோடா ஆஷுக்குப் பதில் படிகம் 800 கிராம் வேண்டும்.

அலுமினியப் பாத்திரம்

கூடாது. சோடா அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக்.

கஞ்சி போகாத புதுத்துணி

புதுத்துணியை ஒருமுறை நனைத்தால் போதாது. லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷும் சலவைத்திரவமும் சேர்த்து அரைமணி கொதிக்கவையுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறுவதைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். தண்ணீர்த் துளி விழுந்த உடனே உறிஞ்சப்பட்டால் துணி தயார். முத்தாக நின்றால் இன்னும் இல்லை.

‘காட்டன்’ என்று கடைக்காரர் சொன்னதை நம்புவது

நான்கு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் சாம்பலும் என்றால் பருத்தி. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, நிறம் வெளிறித்தான் வரும். தைத்த உடையில் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். அது வெள்ளையாகவே நிற்கும்.

போர்வெல் தண்ணீர்

சுண்ணாம்புச் சத்து சாயத்தோடு சேர்ந்து திட்டும் மங்கலும் தரும். பிடித்துவைத்த மழைநீர் நல்லது. இல்லையென்றால் லிட்டருக்கு 1 கிராம் கால்கான் (கடினநீரை மென்மையாக்கும் பொடி), சாயம் போடும் முன்பே.

மீந்த தண்ணீரைத் தென்னம்பாத்தியில் கொட்டுவது

ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ உப்பு என்று பார்த்தோம். நொய்யலைக் கெடுத்ததும் சாயத்தின் நிறம் மட்டுமல்ல, அதோடு போன உப்பும்தான்; 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் அளவுக்குப் போனது. கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். செடிக்கும் கிணற்றடிக்கும் வேண்டாம்.

மின்விசிறிக்குக் கீழே பொட்டலத்தைப் பிரிப்பது

இந்தப் பொடி மூச்சில் போய்ப் பழகினால் இழுப்பு வரும். முகமூடி, நிறுத்திய விசிறி, ஈரத்துணி விரித்த மேசை.