துறை மாறினால் சொல்லின் பொருளும் மாறும்: கலைச்சொற்களை விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கட்டுரைகளைப் பொது வாசகருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதற்கான பயிற்சிப் பட்டறை ஒன்றில், சென்ற மாதம் பதினான்கு பேரின் கைப்பிரதிகளைத் திருத்தினேன். சந்திப் பிழை, மேற்கோள் விடுபடுதல் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டிவிடலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நன்றாகப் படித்த, உழைப்புக்கு அஞ்சாத இளைஞர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் விழுந்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று இன்றளவும் என்னை உறுத்துவது.

"குறிப்பிடத்தக்க" என்ற சொல்

புள்ளியியலில் ஒரு வேறுபாட்டை "சிக்னிஃபிகன்ட்" என்று சொன்னால், அது பெரியது என்றோ முக்கியமானது என்றோ பொருளில்லை. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லையென்று வைத்துக்கொண்டால், தற்செயலாகவே இந்த அளவோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு தென்படுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். அந்த வாய்ப்பைத்தான் பி-மதிப்பு என்கிறார்கள். அது 0.05-க்குக் கீழே, அதாவது இருபதில் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற வழக்கம், ரொனால்டு ஃபிஷர் 1925-இல் ஆய்வாளர்களுக்காக எழுதிய புள்ளியியல் நூலின் வழியாகப் பரவியது. வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு அது. இயற்கை விதி அன்று.

இதைத் தமிழில் எழுதும்போது "குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது" என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. தமிழ் வாசகருக்கு அந்தத் தொடர் "கணிசமாகக் குறைந்தது" என்ற பொருளையே தரும். வேறு பொருள் கொள்ள அவருக்கு வழியே இல்லை.

நானும் அப்படித்தான் எழுதினேன். ஓர் உணவுப் பழக்கம் இரத்த அழுத்தத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கிறது என்று ஒரு சிற்றிதழில் எழுதி ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்த வரியின் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடுகள் இட்டிருந்தார். "நீதானேப்பா எழுதியிருக்க, அதான் ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார். மாலையில் மருந்துக்கடையில் அளந்து பார்த்தபோது மானி 170-ஐத் தாண்டி நின்றது. மூலக் கட்டுரை சொன்னதோ, மாத்திரைக்கு மாற்றாக எண்ணவே முடியாத சின்னஞ்சிறு வேறுபாடு. அதை எழுதியவர்கள் அளவைத் தெளிவாகக் கொடுத்திருந்தார்கள். சுருக்கமாக இருக்கட்டும் என்று எண்ணை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான்.

இது எவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். இரத்த அழுத்தத்தின் திட்டவிலக்கம், அதாவது ஆட்களின் அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் தொலைவு, 15 மில்லிமீட்டர் (பாதரசம்) என்று கொள்வோம். குழுவுக்கு 10,000 பேர் வீதம் இரண்டு குழுக்களை ஒப்பிட்டுச் சராசரி வேறுபாடு வெறும் 1 மில்லிமீட்டர் என்று வந்தால், அந்த வேறுபாட்டின் திட்டப்பிழை (தற்செயலால் அது பொதுவாக ஏறி இறங்கக்கூடிய அளவு) ஏறத்தாழ 0.21, வேறுபாடு அதைப் போல நான்கரை மடங்குக்கு மேல் இருப்பதால் பி-மதிப்பு 0.05-க்கு வெகு கீழே போய்விடும், முடிவும் "சிக்னிஃபிகன்ட்" ஆகிவிடும். குழுவுக்கு இருபதே பேரை வைத்து 8 மில்லிமீட்டர் வேறுபாடு கண்டாலோ, திட்டப்பிழை 4.7 அளவுக்கு இருக்கும்; வேறுபாடு அதன் இரு மடங்கைக்கூட எட்டாததால் அந்த முடிவு எல்லைக்கோட்டைத் தொடாது. நோயாளிக்கு எது பொருட்படுத்தத் தக்கது என்று கேட்டால் எந்த மருத்துவரும் இரண்டாவதைத்தான் கூர்ந்து பார்ப்பார். ஆயினும் நம் மொழிபெயர்ப்பில் முதலாவது "குறிப்பிடத்தக்க" மாற்றமாகவும், இரண்டாவது "வேறுபாடு இல்லை" என்றும் அச்சேறிவிடுகின்றன. பின்னது முன்னதைவிடக் கேடானது. வேறுபாடு உண்டு என்று உறுதிசெய்யப் போதிய தரவு இல்லை என்பதை, வேறுபாடே இல்லை என்று நிறுவிவிட்டதாக அது ஆக்கிவிடுகிறது.

பி-மதிப்பு 0.05 என்றால் கருதுகோள் சரியாக இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. அந்த மதிப்பு கருதுகோளின் உண்மையையும் அளப்பதில்லை, விளைவின் பருமனையும் அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. துறைக்குள் இருப்பவர்களே தடுமாறும் இடத்தில், வெளியே நிற்கும் வாசகரை ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடுவது பொறுப்பாகாது. இப்போது நான் அந்தச் சொல்லையே தவிர்த்து, "1 மில்லிமீட்டர் குறைந்தது, இது வெறும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், ஆனால் குறைந்த அளவு மிகச் சிறிது" என்று மூன்று செய்திகளாகப் பிரித்து எழுதுகிறேன். இடம் போதவில்லை என்று பதிப்பாசிரியர் சொன்னால், வேறு எதையாவது வெட்டச் சொல்லுங்கள்.

ஒலியை வைத்து உறவு கொண்டாடுதல்

பட்டறையில் ஒருவர், "எல்லாமே பார்ப்பவரைப் பொறுத்தது என்று ஐன்ஸ்டைனே நிறுவிவிட்டதால், பண்பாடுகளையும் அப்படியே பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். 1905-இல் வந்த சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின் அடித்தளமே பார்ப்பவரைப் பொறுத்து மாறாதவைதாம். நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்லும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகளின் வடிவம் ஒன்றே. வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் நொடிக்கு 29,97,92,458 மீட்டர்தான். மானிடவியலில் ஃபிரான்ஸ் போவாஸின் வழிவந்தவர்கள் பேசிய பண்பாட்டுச் சார்பியல், ஒரு சமூகத்தின் வழக்கத்தை அந்தச் சமூகத்தின் சூழலில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் அணுகுமுறை. அது தன் சொந்தக் காலில் நிற்கக்கூடியது. அதற்கு இயற்பியலின் சான்றிதழ் தேவையில்லை.

என்ட்ரோபியின் கதை சற்று வேறு. இயற்பியலாளர் கிளாசியஸ் 1865-இல் வெப்ப இயக்கவியலின் ஓர் அளவுக்குச் சூட்டிய பெயரை, 1948-இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தகவலை, அதாவது முடிவு தெரியும் முன் நமக்குள்ள நிச்சயமின்மையை, அளக்க எடுத்துக்கொண்டார். சூத்திர வடிவில் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் முன்னதன் அலகு கெல்வினுக்கு ஜூல், பின்னதன் அலகு பிட். இருபுறமும் ஒன்றுபோல் விழ வாய்ப்புள்ள நாணயத்தைச் சுண்டினால் 1 பிட்; இரண்டு பக்கமும் தலையே உள்ள நாணயமென்றால் 0. இந்த ஒரு நாணயத்தைக் காட்டினால் புரிந்துவிடும் செய்தியைக் "குப்பையாகக் கிடக்கும் அறை" என்ற உவமையால் மூடி மறைக்காதீர்கள்.

பெயரைச் சொல்லிக் கருத்தை விழுங்குதல்

"அதிகாரம்" பற்றி எழுதும்போது பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பெயரை அடித்துவிட்டு, "அதிகாரம்" என்று நீங்கள் எழுதியது தடுப்பதையா, உருவாக்குவதையா, குறளின் பத்துப் பாட்டையா என்று ஒரு வரியில் சொல்லுங்கள்.

நடை அழகுக்காகக் கலைச்சொல்லை மாற்றுதல்

கூடாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றலும் (எனர்ஜி) திறனும் (பவர்) வேறுவேறு அளவுகள். அவற்றையே இலங்கைப் பாடநூல்கள் முறையே சக்தி, வலு என்கின்றன. மூன்றாம் பத்தியில் ஆற்றல், நான்காம் பத்தியில் சக்தி, ஐந்தாம் பத்தியில் திறன் என்று மாற்றி மாற்றி எழுதினால், இரு நாட்டு வாசகர்களும் புதிய கருத்து ஒன்று வந்துவிட்டதாக நினைத்துத் தேடுவார்கள்.

தன் துறையினரிடமே படித்துக் காட்டுதல்

அவர்கள் விடுபட்டதைத் தாங்களே நிரப்பிக்கொண்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். வேறு துறை மாணவர் ஒருவரிடம் கொடுத்து, தாளை மூடிவைத்துவிட்டுத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். திட்டப்பிழை பற்றி நான் எழுதிய பத்தியை வரலாற்று மாணவி ஒருவரிடம் அப்படிக் கொடுத்தேன். யாரோ திட்டமிட்டுச் செய்த பிழையை ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததாக அவர் விளக்கினார். தலைப்பிலிருந்து முழுவதையும் மாற்றி எழுதி, மறுநாள் அவரிடமே மீண்டும் கொடுத்தேன்.